பூட்டின் முதுகு

"உங்க வீட்டை நான் சோதனை போடணும்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று சித்தி காலையிலிருந்து தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். "வேலையைக் கேளு. நாலு நாள் அவகாசம் கேளு. கால்ல விழணும்னாலும் நான் விழறேன். அவங்க வீட்டு வாசப்படியை மட்டும் வாயில எடுக்காதடி." 'முள்' என்று ஊர் கூப்பிடும் அவள் அதையே வாயில் எடுத்துவிட்டாள். அதுவும் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் நீள மேசைக்கு எதிரே நின்று, செயற்குழு ஐவரும் உட்கார்ந்திருக்க, மாலை விழாவுக்கு நாற்காலி இறக்க வந்தவர்கள் வாசலில் வாய் பிளந்து நிற்க.

மேசையின் தலைப்பக்கம் இருந்த சின்ன முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எழுபதைத் தாண்டியவர். அவருடைய தாத்தாவின் நூற்பாலை மூடிப் புல் முளைத்துவிட்டது. ஆலை போய், முதலும் போய், 'சின்ன முதலாளி' என்ற பேர் மட்டும் போகவில்லை. சங்கத்தின் தலைவர் அவர்தான். சங்கம் இருக்கிற கட்டடமும் அவர் குடும்பம் கொடுத்தது.

"என்னம்மா சொன்னே?"

"காது கேக்கலையா, கேட்டது பிடிக்கலையா? பிடிக்கலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவளுடைய உதவியாளன் சில்லறை பின்னாலிருந்து குனிந்தான். "அக்கா, நாம இறங்க வேண்டிய ஸ்டாப் இது இல்லை."

"இதுதான்."

சில்லறை முன்பு பஸ் கண்டக்டர். மீதி தராததால் வந்த பெயர் என்று பயணிகள் சொல்வார்கள். அவளுக்கு 'முள்' என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. காலில் ஏறினால் உட்கார்ந்து எடுக்காமல் மேற்கொண்டு நடக்க முடியாது என்பது ஊரின் அனுபவம். குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறையில் துப்பறியும் அலுவலகம். காணாமல் போன சைக்கிள்கள், காணாமல் போன கணவர்கள். இரண்டாவது வகையில் பாதிப் பேர், "கிடைச்சா முதல்ல என்கிட்ட சொல்லுங்க, திரும்ப வேணுமான்னு யோசிக்கணும்" என்பார்கள்.

இது சைக்கிள் இல்லை. இது சித்தி. முள் படித்த படிப்பெல்லாம் சித்தியின் துடைப்பம் பெருக்கிச் சேர்த்தது.

சங்கத்தின் காட்சி அறையில் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதற்குள் உள்ளங்கையைவிடப் பெரிய இரும்புப் பூட்டு ஒன்றும், பக்கத்தில் ஒரு சாவியும். ஊரில் அந்தக் கதை தெரியாத ஆள் இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்த ராத்திரி, இரவு ஷிப்ட் பெண்கள் ஆலைக்குள் சிக்கிக்கொண்டார்கள். பெரிய முதலாளி, அதாவது சின்ன முதலாளியின் தாத்தா, இடுப்பளவுத் தண்ணீரில் தனியாக நடந்து வந்து, வெளிவாசல் பூட்டைத் தன் கையால் திறந்து, அத்தனை பேரையும் காப்பாற்றினார். வருடா வருடம் ஊர் வரலாற்று நாள் என்று ஒன்று நடக்கும். பழைய தெருக்கள் வழியே ஒரு நடை, பழைய புகைப்படக் கண்காட்சி, கடைசியில் இந்தக் கதை நாடகமாக. இந்த வருடம் சின்ன முதலாளி ஒரு படி மேலே ஏறிவிட்டார். சிறப்பு விருந்தினர் மேடையில் நின்று, அதே சாவியால் அதே பூட்டைத் திறந்து காட்டுவார் என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்.

நேற்று சாயங்காலம் பூட்டைக் காணோம். சாவி மட்டும் கிடந்தது.

பெட்டியைத் திறக்கும் சாவி அலுவலகச் சுவரில் ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். 'யார் வேண்டுமானாலும்' என்றால் துப்புரவுக்காரி என்று சங்கம் பொருள் எடுத்துக்கொண்டு, சித்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. பின்சந்தில் கடை வைத்திருக்கும் தையல்கடைக்காரி, நீலக் கோட்டும் வாளியுமாக ஒரு உருவம் பின்வாசலால் போனதைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டாள். சங்கத்தில் நீலக் கோட்டு மாட்டி வாளி தூக்குவது சித்தி ஒருத்திதான்.

"காலையில நீங்க அஞ்சு பேரும் எங்க சித்தி வீட்டுக்குள்ள புகுந்தீங்க" என்றாள் முள். "அரிசி டப்பாவைக் கவுத்தீங்க. மெத்தையை உதறினீங்க. தெருவே நின்னு பாத்துச்சு. யாரைக் கேட்டு உள்ள போனீங்க?"

"சந்தேகம் இருந்தது. போனோம்."

"எனக்கும் சந்தேகம் இருக்கு. நானும் வரேன்."

செயற்குழுவில் ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "யாரைப் பாத்து என்ன பேசறா பாருங்க! கடைசியில இரும்புக் கடையில போட்டுக் காசாக்கியிருப்பா அந்தம்மா."

"காசாக்கினதை நீங்க பாத்தீங்களா? பாக்காததைப் பேசறதுக்குப் பேரு வரலாறு இல்லை சார், வம்பு."

சில்லறை தொண்டையைச் செருமினான். "நல்லாத்தான் இருக்கு. நோட்டீஸ்ல போடலாம்."

செயலாளர் அம்மா கையை உயர்த்தினார். அறுபது வயது, நரைத்த கொண்டை, தோள்பையில் வெள்ளைப் பருத்திக் கையுறை எட்டிப் பார்க்கும். காட்சி அறையில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் அவர் தேடிக் கொண்டுவந்து, துடைத்து, வைத்தது. மற்ற நால்வரின் வேலை, பெயர் நோட்டீஸில் வருவது. "வீட்டையெல்லாம் எதுக்கும்மா இழுக்கறே? விழா முடியட்டும். நிதானமாப் பேசலாம்" என்றார்.

"விழா முடிஞ்ச கையோட போலீஸ்ல புகார் குடுக்கப் போறதா உங்க தலைவர் சித்திகிட்ட சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் நிதானமாப் பேச ஸ்டேஷன்ல பெஞ்சு இருக்கும். சார், ஒண்ணு உங்க வீட்டுக் கதவைத் திறங்க. இல்லை, நான் இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன். அடுத்தவங்க வீட்டுக்குள்ள அத்துமீறிப் புகுந்தவங்கன்னு அஞ்சு பேரையும் சொல்றேன். சிறப்பு விருந்தினர் வர்ற நேரத்துக்கு ஜீப்பும் வரும். ரெண்டு மாலையா வாங்கி வெச்சுக்கங்க."

வாசலில் நாற்காலிக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். சின்ன முதலாளியின் முகம் சிவந்து, பிறகு மெல்ல ஒரு சிரிப்புக்கு வந்தது. ஒளிக்க எதுவும் இல்லாதவனின் சிரிப்பு. முள்ளுக்கு அது அப்போது புரியவில்லை.

"வாம்மா. என் வீட்டுல என்ன இருக்குன்னு ஊரும் தெரிஞ்சுக்கட்டும்."

*

இருந்தது தூசிதான்.

பெரிய வீடு. மூன்று அறைகளைத் திறந்து வருடக்கணக்கில் ஆகியிருக்கும். சின்ன முதலாளி தானே முன்னால் நடந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தோல் பெட்டியைக் கைப்பிடியைப் பிடித்து விருட்டென்று இழுத்தார். கைப்பிடி கையோடு வந்தது, பெட்டி வரவில்லை. "பாத்துக்கோ" என்று அதைக் காலால் தள்ளினார். உள்ளே பழைய சட்டைகள். அலமாரி மேலிருந்த பித்தளைக் கெட்டிலின் வளைந்த பிடியில் ஒற்றை விரலை மாட்டித் தூக்கிக் கவிழ்த்தார். ஒரு செத்த பல்லி விழுந்தது. பழைய மேசைக் கடிகாரத்தை உச்சி வளையத்தைப் பிடித்துத் தூக்கினார். வளையம் அவர் கையில் நின்றது, கடிகாரம் சில்லறையின் கால் பெருவிரலில் இறங்கியது.

"ஐயோ! ஐயா, நான் தேட வந்தவன். என்மேல எதுக்குப் பழைய சாமானை எல்லாம் ஏத்தறீங்க?"

"இதையெல்லாம் சங்கத்துக்குக் குடுங்க குடுங்கன்னு செயலாளர் அம்மா நச்சரிச்சுக்கிட்டே இருக்காங்க" என்றார் சின்ன முதலாளி, வளையத்தைச் சுண்டி எறிந்தபடி. "இதுல என்ன இருக்குன்னு கேக்கறாங்களோ."

சமையலறை, பரண், கார் டிக்கி, தோட்டத்து அறை. பூட்டு இல்லை.

வாசலில் அக்கம்பக்கம் கூடியிருந்தது. சின்ன முதலாளி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "திருப்தியா? என் வாசலை மிதிச்சது போதும். விழா முடிஞ்ச கையோட நான் ஸ்டேஷனுக்குப் போறேன். உங்க சித்திக்கு ஒரு நல்ல வக்கீலைப் பாத்து வெச்சுக்கோ. நீ படிச்ச படிப்பு அதுக்காவது உதவட்டும்."

முள் விறுவிறுவென்று நடந்து தெரு முனையைத் திரும்பினாள். காதுமடல் கொதித்தது. சித்தி சொன்னது இதைத்தான். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. தண்ணீரும் இல்லை, வெறும் சேறு.

சில்லறை நொண்டிக்கொண்டே வந்தான். "அக்கா."

"நீ என்னைவிட அஞ்சு வயசு பெரியவன். எதுக்கு எப்பப் பாரு அக்கா?"

"சம்பளம் குடுக்கறவங்க எல்லாரும் எனக்கு மூத்தவங்க."

"குடுக்காத மாசம்?"

"தங்கச்சிதான். மன்னிச்சு விட்டுடுவேன்." அவள் உதடு கொஞ்சம் அசைந்ததைப் பார்த்துவிட்டு அவன் தொடர்ந்தான். "அவரு எடுக்கலை. ஒத்துக்க. எடுத்தவன் நோட்டீஸ் அடிச்சு ஊரைக் கூட்டுவானா?"

முள் நின்றுவிட்டாள். அவள் கோபத்தில் தாண்டிப் போன இடம் அது. பூட்டு மேடைக்கு வர வேண்டும் என்று துடித்தவர் அவர். அப்படியானால், மேடைக்கு வரக் கூடாது என்று துடித்தது யார்?

"நீலக் கோட்டைப் பாத்த ஒரே ஆளு யாரு?"

"தையல்கடைக்காரி."

"நாம இன்னும் அங்க போகவே இல்லை."

"நாம முதல்ல அரண்மனைக்குப் போனோம்" என்றான் சில்லறை. "அப்புறம்தானே தெருவுக்கு வரணும்."

*

தையல்கடையின் மெஷின் ஜன்னலைப் பார்த்து இருந்தது. ஜன்னல் சங்கத்தின் பின்வாசலைப் பார்த்து இருந்தது. சந்து அங்கிருந்து சங்கத்தின் நாடக அரங்கைத் தொட்டுக்கொண்டு சித்தியின் தெருவுக்குப் போகிறது. தையல்கடைக்காரி வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசினாள்.

"நான் உங்க சித்தின்னு சொல்லவே இல்லைம்மா. நீலக் கோட்டுன்னுதான் சொன்னேன். மீதியை அவங்களே தெச்சுக்கிட்டாங்க."

"முகத்தைப் பாக்கலையா?"

"முதுகுதான் தெரிஞ்சுது. அந்தக் கோட்டு நான் தெச்சது. தோள்ல ஒரு சுருக்கம் நின்னு போச்சு, அதைப் பாத்தாலே எனக்கு எரிச்சல் வரும். அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சித்தி வேலை முடிந்ததும் கோட்டைப் பின்வாசல் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் போவாள். போகிற வருகிற யாரும் மாட்டிக்கொள்ளலாம்.

"வாளி?"

"சந்து திரும்பறப்ப பக்கவாட்டுல கையும் வாளியும்தான் தெரிஞ்சுது, பாவமா இருந்துச்சு. அவ்வளவு கனம் போல. மாரோட அணைச்சுக்கிட்டு, அடியில ஒரு கை குடுத்து, இன்னொரு கையைப் பக்கத்துல வெச்சு, பச்சக் குழந்தையைக் கொண்டு போற மாதிரி போச்சு."

முள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "வாளியில கைப்பிடி இல்லையா?"

"இருந்துச்சே. ஒரு பக்கமா விழுந்து ஆடிக்கிட்டிருந்துச்சு."

"சித்தியை நீங்க தினம் பாக்கறீங்க. அவ வாளியை எப்படித் தூக்குவா?"

தையல்கடைக்காரி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். மெஷின் நின்றது. "ஒரு கையில வாளி, ஒரு கையில துடைப்பம், அக்குள்ல பினாயில் பாட்டில். நெறஞ்ச வாளியா இருந்தாக்கூட ஒத்தக் கையாலதான்…" சொல்லிக்கொண்டே வந்தவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஐயையோ. அது உங்க சித்தி இல்லைம்மா!"

வெளியே வந்ததும் சில்லறை கேட்டான். "கைப்பிடி வெச்ச சாமானை எவன் அடியில கை குடுத்துத் தூக்குவான்?"

"கைப்பிடியை நம்பாதவங்க."

"வாளிக் கைப்பிடியை நம்பாம எப்படி வாழறது?"

"சில்லறை, உன் பெருவிரல் எதுக்கு வீங்கியிருக்கு?"

"வளையம் கழண்டு…" அவன் வாய் திறந்தபடி நின்றது.

"பழைய சாமான்ல முதல்ல கழண்டு வர்றது கைப்பிடிதான். அதனால பழைய சாமான் கிட்டயே வாழறவங்க எதையும் கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்க மாட்டாங்க. அடியில கை குடுத்து அணைச்சுத்தான் எடுப்பாங்க. வருஷக்கணக்கா அப்படிப் பழகின கைக்குப் பழைய கெட்டில், புது பிளாஸ்டிக் வாளின்னு வித்தியாசம் தெரியாது. கோட்டை மாட்டிக்கிட்டாங்க. கையை மாத்திக்க மறந்துட்டாங்க."

"சின்ன முதலாளி எல்லாத்தையும் காதைப் பிடிச்சு இல்ல தூக்கினார்?"

"ஆமா. அவர் சங்கத்துக்குத் தலைவர். ஒரு நாள்கூட ஒரு சாமானையும் தொட்டதில்லை."

"அப்ப அரங்குக்குப் போவோம். அங்க வாளி கிடைக்கும்" என்றான் சில்லறை. நொண்டல் காணாமல் போயிருந்தது.

*

அரங்கில் கடைசி ஒத்திகை. மூங்கில் கம்பி வைத்த வாசலுக்குப் பின்னால் பத்துப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். செருப்புக்கடைக்காரர் பெரிய முதலாளி வேஷத்தில், அட்டைச் சாவியை உயர்த்தி, "கலங்காதீர்கள் தாய்மார்களே, நான் வந்துவிட்டேன்!" என்றார்.

"வெள்ளத்தில வர்றீங்க. கல்யாணத்துக்கு வர்ற மாதிரி வராதீங்க" என்று கீழேயிருந்து செயலாளர் அம்மா கத்தினார்.

சில்லறை எங்கிருந்தோ ஒரு வாளித் தண்ணீரோடு வந்தான். மேடையைத் துடைக்கச் சொன்னார்கள் என்று யாரோ சொன்னதாக எல்லாரிடமும் சொன்னான். "சார், ஒரு நிமிஷம் பிடிங்க, செருப்பைக் கழட்டிட்டு வரேன்." செயற்குழுவின் பொருளாளர் கைப்பிடியைப் பிடித்து வாங்கினார். சட்டை நனைந்தது, திட்டினார். அடுத்தவர், துணைத் தலைவர். கைப்பிடி. அவருக்கு அடுத்தவர் வாங்கவே மறுத்து, பிறகு இரண்டு விரலால். பெரிய முதலாளி வேஷக்காரர்கூட அட்டைச் சாவியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியைத்தான் பிடித்தார்.

"அம்மா, நீங்களாவது பிடிங்க. கை நழுவுது!"

செயலாளர் அம்மா மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே இரு கையையும் நீட்டினார். ஒன்று வாளிக்கு அடியில் போனது, ஒன்று பக்கவாட்டில். வாளி அவர் மார்போடு வந்து அணைந்தது. கைப்பிடி தானாக விழுந்து ஆடியது.

மேடையில் பெண்கள் அழுதுகொண்டே இருந்தார்கள். பிறகு செயலாளர் அம்மா தலையைத் திருப்பி, தூண் ஓரம் நின்ற முள்ளைப் பார்த்தார். அப்புறம் தன் கைகளைப் பார்த்தார்.

"ஒத்திகை போதும்" என்றார். "எல்லாரும் போய் வேஷம் போடுங்க."

*

செயலாளர் அம்மா மறுக்காமல் அவர்களை மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு கள்ளிப்பெட்டியில் நாடகச் சாமான்கள். தாடி, தொப்பி, மரத்தில் செய்து கறுப்படித்த போலிப் பூட்டு. அதற்கு அடியில், பழைய துணியில் சுற்றி, நிஜப் பூட்டு.

"ஊரையே தேடச் சொன்னீங்க" என்றாள் முள். "இந்தப் பெட்டியை மட்டும் யாரும் தேடலை. பூட்டு கிடக்க வேண்டிய இடத்துல பூட்டு கிடந்தா யாரு பாப்பா?"

செயலாளர் அம்மா துணியைப் பிரித்து, பூட்டை மேசைமேல் வைத்தார். இருபது வருடமாக ஊர் பார்த்த அதே முகம். சாவித் துவாரம், மேலே ஒரு பூ வேலைப்பாடு.

"திருப்புங்க."

அவர் அசையவில்லை. முள் திருப்பினாள்.

பூட்டின் முதுகு குழிந்து போயிருந்தது. அடிமேல் அடி. சில இடங்களில் இரும்பு கிழிந்து உதடு மாதிரி வெளியே மடங்கியிருந்தது. வளைவுக் கம்பி ஒரு பக்கம் பிய்ந்து, மெல்லிய செம்புக் கம்பியால் கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. எந்தச் சாவி போட்டாலும் திறக்க அதில் ஒன்றுமில்லை. அது எப்போதோ உடைக்கப்பட்ட பூட்டு.

சில்லறை மெல்ல விசில் அடித்தான். "தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. இந்த ஊருக்கே தெரியாம இருந்திருக்கு."

"அடி முழுக்க முதுகுல" என்றாள் முள். "பூட்டு வாசலுக்கு வெளியே தொங்கும். முகம் தெருவைப் பாக்கும். முதுகு கம்பிக் கதவைப் பாக்கும், உள்ள இருக்கறவங்களைப் பாக்கும். வெளிய இருந்து ஒருத்தர் சாவியோட வந்திருந்தா ஒரு கீறல்கூட இருக்காது. வெளிய இருந்து உடைச்சிருந்தா முகம் நசுங்கியிருக்கும். கம்பிக்கு நடுவுல கையை விட்டு உள்ள இருந்தவங்க அடிச்சிருக்காங்க. பெரிய முதலாளி வரவே இல்லை. அந்தப் பொம்பளைங்க அவங்களே உடைச்சுக்கிட்டு வெளிய வந்திருக்காங்க. அவங்களை வெச்சுப் பூட்டினதும் அந்த ஆலைதான்."

செயலாளர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு இது கிடைச்சப்ப சாவியே கிடையாது. அந்தச் சாவி நான் பழைய சாமான் கடையில வாங்கினது."

"தெரிஞ்சேதான் வெச்சீங்க."

"வைக்க இடம் இல்லைம்மா. நான் சேர்த்ததெல்லாம் மழையில நனைஞ்சுக்கிட்டிருந்துச்சு. இவங்க குடும்பம் கட்டடம் தரேன்னாங்க. கதை அவங்க வீட்டுல அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. கூரை முதல்ல, உண்மை அப்புறம்னு நினைச்சேன். பூட்டை முதுகு சுவரைப் பாக்கறாப்புல வெச்சேன். என்னைத் தவிர யாரும் தொட மாட்டாங்கன்னு தெரியும். இந்த மனுஷன் மேடையில திறக்கறேன்னு நோட்டீஸ் அடிப்பார்னு கண்டேனா?"

"அது உங்க பாடு. எங்க சித்தி கோட்டு எதுக்கு?"

"துருவும் தூசியும் சேலையில படும்னு, கொக்கியில இருந்ததை எடுத்து மாட்டினேன். சத்தியமா மாட்டி விடணும்னு இல்லை."

"சரி. நம்பறேன். காலையில அஞ்சாவது ஆளா எங்க சித்தி வீட்டு வாசல்ல நின்னீங்களே?"

"நான் எதையும் தொடலைம்மா."

"ஆமா" என்றாள் முள். "நீங்க எதையும் தொட மாட்டீங்க. ஒரு பொம்பளை நடுத்தெருவுல திருடியாகி நின்னப்பகூட."

கதவு திறந்தது. சின்ன முதலாளி. அவருக்குப் பின்னால் சித்தி, மாலைப் புகாருக்காக வரச் சொன்னதால் வந்தவள், உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிலையருகே நின்றாள். சின்ன முதலாளியின் கண் நேராகப் பூட்டின் முதுகில் விழுந்தது. அவர் வந்து அதைத் தொட்டார். வாழ்க்கையில் முதல் தடவை. விரல் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போனது. செயலாளர் அம்மா சொல்ல ஆரம்பித்தார், சின்ன முதலாளி கை காட்டி நிறுத்திவிட்டார். சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நூற்பாலைக்காரர் பேரன், கதவும் பூட்டும் தெரிந்தவர்.

வெளியே கூட்டம் நிறையும் சத்தம் கேட்டது.

"இது இந்த ரூமை விட்டு வெளியே போக வேண்டாம்" என்றார் கடைசியில். பிறகு தொண்டையைச் சரிசெய்து, தலைவரானார். "பூட்டு கிடைச்சுடுச்சு. சுத்தம் பண்ண எடுத்து வெச்சு மறந்துட்டோம்னு சொல்லிடலாம். திறக்கற நிகழ்ச்சி ரத்து. புகார் கிடையாது. உங்க சித்திக்கு இன்னைக்கே வேலை. மேற்பார்வையாளர். சம்பளமும் பாத்துப் பண்றேன்."

"யாரு எடுத்து வெச்சு மறந்தது?"

"பேரு எதுக்கும்மா?"

"காலையில மட்டும் பேரு தேவைப்பட்டுச்சே. திருடின்னு தெரு முழுக்கக் கேக்கறாப்புல சொன்னீங்க. இல்லைன்னு மட்டும் கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்றீங்க."

"யோசிச்சுப் பேசு. இது வெளிய போனா நாளைக்கு இந்தக் கட்டடத்துக்கு நான் பூட்டுப் போடுவேன். சங்கமும் இருக்காது, உங்க சித்திக்கு வேலையும் இருக்காது. நாற்பது பழைய சாமானோட இந்தம்மா தெருவுல நிப்பாங்க. ஒரு செத்துப்போன மனுஷனோட பேரைக் கெடுத்து உனக்கு என்ன கிடைக்கப் போகுது?"

"உயிரோட இருக்கறவ பேரு கிடைக்கும்."

செயலாளர் அம்மா முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார்.

முள் சித்தியின் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நேரம் கத்தியவளுக்கு இப்போது குரல் கீழே வந்தது. "சித்தி. போற வேலை உன்னோடது. நான் சொல்ல முடியாது. நீ சொல்லு."

சித்தி சின்ன முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் பேசிப் பழகாத வாய், முதல் சொல்லில் தடுக்கியது.

"ஐயா… வேலையைத் திரும்பத் தரேன்னீங்க. நல்லது. எதுக்காகப் பிடுங்கினீங்கன்னு அங்க வந்து உக்காந்திருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். எதுக்காகத் திரும்பத் தர்றீங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

சித்தி மேற்கொண்டும் சொன்னாள், இப்போது தடுக்காமல். "உள்ள இருந்த பொம்பளைங்க பேரு யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது" என்றார் செயலாளர் அம்மா, கைகளுக்குள்ளிருந்து. "யாரும் கேட்டு வைக்கலை."

"அது போகட்டும். அடிச்சது தெரியுதில்ல."

முள் பூட்டை எடுத்தாள். நினைத்ததைவிடக் கனம். வெளியே ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் சிறப்பு விருந்தினரை வரவேற்றுவிட்டு, அடுத்து எல்லாரும் ஆவலோடு எதிர்பார்க்கும் நிகழ்ச்சி என்று இழுத்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி ரத்து என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சின்ன முதலாளி வழியை மறித்தார். "வை அதை. அது சங்கத்தோட சொத்து."

"தெரியும். சங்கத்தோட மேடைக்குத்தான் கொண்டு போறேன்."

அவர் சித்தியைப் பார்த்தார், செயலாளர் அம்மாவைப் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. முள் அவர் நகர்வதற்காக நிற்கவும் இல்லை. தோளை ஒருக்களித்து, அவருக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்து, மேடை வெளிச்சத்தை நோக்கி வெளியே நடந்தாள்.